ஸ்கோப் ரிங் ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கணும்? 50 மீட்டரில் குரூப் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது

பாசிர்ரிஸ்காரன் | திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் ஒரு சுடும் கழகத்தில் பாயிண்ட் டூ டூ போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் சுடுகிறேன். 50 மீட்டர், மேசையில் மணல்மூட்டை வைத்து. ஸ்கோப் 4-16 மடங்கு, குழாய் 30 மி.மீ., அதை இரண்டு ரிங் (வளையப் பிடி) துப்பாக்கியில் பிடித்திருக்கின்றன. விற்ற இடத்திலேயே மாட்டியும் கொடுத்தார்கள். "நல்லா இறுக்கியாச்சு, இனிமே கழற்றவே வேண்டாம்" என்றார்கள்.

பிரச்சினை இதுதான். ஜீரோ பண்ணிய (குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைத் திருத்திய) அன்றைக்கு ஐந்து தோட்டாவும் இருபது காசு நாணயத்துக்குள் அடங்குகிறது. அடுத்த முறை போனால் குரூப் (குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம்) அதே அளவுதான், ஆனால் நாலைந்து செ.மீ. இடப்பக்கம் மேலே போய்விடுகிறது. அதைத் திருத்திவிட்டு இன்னொரு பெட்டி சுட்டால் கீழே இறங்கி நிற்கிறது. தோட்டா மாற்றிப் பார்த்தாயிற்று. வேறு ஆளைச் சுடச் சொல்லியும் பார்த்தாயிற்று.

ஸ்கோப்பே போய்விட்டது, வேறு வாங்கு என்கிறார்கள். அந்தச் செலவுக்கு முன் ஸ்க்ரூக்களைச் சரிபார்க்க நினைக்கிறேன். ரிங் ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கணும்? டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவி) கட்டாயமா, கை அளவே போதுமா?

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 9.55

நல்ல இழை, தொடரட்டும். ஒரே வேண்டுகோள்: உரிமம், இறக்குமதி, ஆயுதக் கிடங்கு நடைமுறை எல்லாம் இங்கே வேண்டாம். அவை காவல்துறை உரிம, ஒழுங்குமுறைப் பிரிவின் வேலை. துப்பாக்கியில் கை வைக்கும் எந்த வேலையும் கழக ஆயுதப் பொறுப்பாளர் பக்கத்தில் இருக்க, போல்ட்டைக் கழற்றி, அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே.

குறிப்பலகை | திங்கள், இரவு 10.20

தம்பி, குரூப் சின்னதாகவே இருக்கிறது, ஆனால் மொத்தமாக இடம் மாறுகிறது என்கிறீர்கள். அது முக்கியமான தகவல். சுடுகிறவர் பிழை என்றால் குரூப் பரவும். சின்னக் குரூப் அப்படியே நகர்ந்தால் ஸ்கோப்புக்கும் குழலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று அசைந்து, அசைந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி அசைகிறது என்று அர்த்தம்.

எவ்வளவு அசைந்தால் இவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ரிங்குக்கும் நடுவில் 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனை மட்டும் 0.1 மி.மீ. நகர்ந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்வு. 50 மீட்டரில் அது 5 செ.மீ. சாதாரண ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ.தான். தாள் தடிமனுக்கு அசைந்தாலே உங்களுக்கு வருகிற விலகல் அத்தனையும் வந்துவிடும். கண்ணால் பார்த்து, கையால் ஆட்டி அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நான் பழக்குகிற இளையர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைபிளில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை, டயாப்டர்தான் (சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் சாதனம்). 2018-இல் கோல்ட் கோஸ்ட்டில் நம் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ வாங்கிய இரண்டு காமன்வெல்த் தங்கமும், 10 மீட்டர் ஏர் ரைபிளும் சரி, 50 மீட்டர் படுத்துச் சுடுவதும் சரி, அப்படி வந்தவைதான். அதனால் ஸ்கோப் மாட்டும் வேலை நம் கழகங்களில் பலருக்குப் பழக்கமில்லை.

துவாஸ் பிட்டர் | திங்கள், இரவு 10.48

குறிப்பலகை அக்கா சொன்னது சரி. என்எஸ் (தேசிய சேவை) முடிச்ச தம்பிங்களுக்கும் அதேதான். அங்க சுடுற எஸ்ஏஆர் 21 ரைபிள்ல 1.5 மடங்கு ஸ்கோப் கைப்பிடிக்குள்ளயே வந்துடுது. ஸ்கோப் வழியா சுட்டிருப்பாங்க, ஒரு ஸ்கோப்பை எடுத்து மாட்டியிருக்க மாட்டாங்க.

நான் கப்பல் பட்டறையில பிட்டர். பெரிய போல்ட்டுதான் என் வேலை. ஆனா விதி ஒண்ணுதான். இறுக்கம் கீழேயிருந்து மேலே போகணும். முதல்ல ரிசீவர்ல (போல்ட் ஓடுற துப்பாக்கி உடம்பு) பேஸ், அதாவது ரிங் உட்கார்ற அடித்தட்டு. அது மேல ரிங்கோட அடிப்பகுதி. கடைசியாத்தான் ரிங் மூடி. எல்லாரும் கண்ணுக்குத் தெரியிற மூடி ஸ்க்ரூவைப் போட்டு முறுக்குறாங்க. அடியில இருக்கிற பேஸ் ஸ்க்ரூவை யாரும் பார்க்கிறதில்ல, ஏன்னா அதைப் பார்க்கணும்னா மேல இருக்கிறது அத்தனையும் கழற்றணும்.

தம்பி, முழுசாக் கழற்றுங்க. அரைகுறையா இறுக்கிப் பார்க்காதீங்க.

சிலேத்தார் டெக் | செவ்வாய், காலை 7.05

விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். அளவுகளைச் சொல்கிறேன். முதலில் உங்கள் ரிங், ஸ்கோப் இரண்டின் கையேட்டையும் பாருங்கள். இரண்டும் வேறு வேறு எண் சொன்னால் குறைந்ததை எடுங்கள்.

ரிங் மூடி ஸ்க்ரூ பொதுவாக 15 முதல் 18 இன்ச் பவுண்ட், அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். ரிங்கைப் பிக்கட்டினி ரெயிலில் (குறுக்குப் பள்ளங்கள் உள்ள பேஸ்) பிடிக்கிற பக்கவாட்டு நட்டு, அரை அங்குல எஃகு நட்டு என்றால், 65 இன்ச் பவுண்ட் வரை போகும். சின்ன ஸ்க்ரூ உள்ள அலுமினிய ரிங்கில் அதை முயலவே கூடாது. பேஸை ரிசீவரில் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூக்கள், 6-48 அளவு மரை (திருகுப்புரி) என்றால், 20-ஐ ஒட்டி. ஒரே துப்பாக்கியில் மூன்று இடத்துக்கு மூன்று அளவு. "நல்லா இறுக்கியாச்சு" என்றால் எந்த இடத்தில், எந்த அளவில் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து அலகு. இன்ச் பவுண்டும் புட் பவுண்டும் 12 மடங்கு வித்தியாசம். 18 என்று கேட்டுவிட்டு காருக்கு வைத்திருக்கிற புட் பவுண்ட் ரெஞ்சை எடுத்தால் 24 நியூட்டன் மீட்டர். அதற்கு முன்பே ஸ்க்ரூ தலை கையோடு வந்துவிடும்.

மிதிவண்டி மணி | செவ்வாய், காலை 8.30

என்னிடம் 5 நியூட்டன் மீட்டர் டி-கீ இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓட்டுகிற பாதிப்பேர் பையில் இருக்கும், கார்பன் ஹேண்டில்பாருக்கு. க்ளிக் என்று கழன்றுகொள்ளும், அதற்கு மேல் இறுக்கவே முடியாது. பாசிர் ரிஸ்தானே, வேண்டுமானால் கொண்டு வந்து தருகிறேன்.

சிலேத்தார் டெக் | செவ்வாய், காலை 8.41

மனசுக்கு நன்றி மணி, ஆனால் இந்த வேலைக்கு அது வேண்டாம். 5 நியூட்டன் மீட்டர் என்றால் 44 இன்ச் பவுண்ட். ரிங் மூடிக்குத் தேவையானதைப் போல் இரண்டரை மடங்கு.

அவ்வளவு இறுக்கினால் என்ன ஆகும்? ஸ்கோப் குழாய் மெல்லிய அலுமினியம். அதற்குள் இன்னொரு குழாய் இருக்கிறது. டரட்டை (குறியை நகர்த்தும் குமிழ்) திருப்பும்போது நகர்வது அந்த உள்குழாய்தான். வெளிக்குழாயை ரிங் நசுக்கினால் உள்ளே இருக்கிறது சிக்கிக்கொள்ளும். க்ளிக் சத்தம் கேட்கும், ஆனால் குறி நகராது. அடுத்த குண்டின் அதிர்வில் மொத்தமாக நகரும். பேரலாக்ஸ் குமிழ் (தூரத்துக்கேற்பச் சரிசெய்யும் குமிழ்) கெட்டியாகிவிடும். ரொம்ப மோசமானால் காற்றுப்புகா அடைப்பு (சீல்) விட்டு உள்ளே இருக்கிற நைட்ரஜன் போய், நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுந்துவிடும்.

இப்போதே ஒன்றைச் சோதிக்கலாம். பேரலாக்ஸ் குமிழைத் திருப்பிப் பாருங்கள். பிறகு மூடி ஸ்க்ரூக்களைத் தளர்த்திவிட்டுத் திருப்பிப் பாருங்கள். தளர்த்தியதும் இலகுவானால், அதிகமாக இறுக்கியிருக்கிறார்கள்.

தேக்கா தம்பி | செவ்வாய், மதியம் 12.50

டார்க் ரெஞ்ச் வாங்கக் காசு இல்லைன்னா? கை உணர்வுல 2 நியூட்டன் மீட்டர் எவ்வளவுன்னு யாராவது சொல்லுங்க.

துவாஸ் பிட்டர் | செவ்வாய், மாலை 7.15

சொல்றேன் தம்பி. எல் கீயோட குட்டைக் காலை ஸ்க்ரூவுல விட்டு, நீளக் காலைப் பிடிச்சு இழுக்கிறீங்கன்னு வைங்க. ஸ்க்ரூ நடுவுலேர்ந்து 7 செ.மீ. தள்ளிப் பிடிச்சா, 3 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா இழுத்தாலே 2 நியூட்டன் மீட்டர் வந்துடும். மூணு பால் பாக்கெட் தூக்குற அளவுதான். நீளக் காலை ஸ்க்ரூவுல விட்டு 2 செ.மீ. குட்டைக் காலைத் திருகுனா 10 கிலோ இழுக்கணும், விரல் வலிக்கும். அதனால பழைய ஆளுங்க ரிங் ஸ்க்ரூவுக்குக் குட்டைக் காலைத்தான் பிடிப்பாங்க. அதிகமா இறுக்க முடியாதுங்கிற பாதுகாப்பு அது.

ஊருக்குப் போறப்ப பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு எல்லார் வீட்டுலயும் இருக்கும். அதை எல் கீயோட நீளக் காலுல 7 செ.மீ. தூரத்துல மாட்டி மெதுவா இழுங்க. 2.9 கிலோ காட்டுறப்ப நிறுத்துங்க. ரெஞ்ச் இல்லாதவனுக்கு அதுதான் ரெஞ்ச்.

சிலேத்தார் டெக் | செவ்வாய், இரவு 8.02

அண்ணே, கணக்கு சரி. ஆனால் கீயும் தராசும் சரியாக 90 பாகையில் இருக்க வேண்டும், கீ சாயவும் கூடாது. சாய்ந்தால் ஸ்க்ரூ தலையின் உள்விளிம்பு தேயும். கொக்கி ஒரு செ.மீ. நகர்ந்தாலே அளவு 14 சதவீதம் மாறிவிடும். நாலு ஸ்க்ரூவுக்கும் ஒரே அளவு வருவதுதான் இங்கே முக்கியம். அதனால் தராசை ரெஞ்சுக்குப் பதிலாக அல்ல, இருக்கிற ரெஞ்ச் உண்மை சொல்கிறதா என்று சோதிக்கப் பயன்படுத்துவேன்.

ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் தேடும்போது அளவெல்லையைப் பாருங்கள். 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் இதற்கு உதவாது. 2 முதல் 14 என்றாலும் 2 அதன் அடிமட்டம், க்ளிக் ரெஞ்ச் அடிமட்டத்தில் நம்பகமாக இருக்காது. துப்பாக்கி வேலைக்கென்றே 10 முதல் 65 இன்ச் பவுண்ட் வரை ஸ்க்ரூடிரைவர் வடிவில் வருகிறது. கழகத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் எல்லாருக்கும் ஆச்சு.

துவாஸ் பிட்டர் | செவ்வாய், இரவு 8.20

ஒத்துக்கிறேன். ஆனா லாக்டைட் (மரை தளராம பிடிக்கிற பசை) எல்லா ஸ்க்ரூவுக்கும் நீலம் போடணும். அதிர்வு இருக்கிற இடத்துல போடாம விடுறது எனக்குப் பிடிக்காது.

சிலேத்தார் டெக் | செவ்வாய், இரவு 8.47

பேஸ் ஸ்க்ரூவுக்குப் போடுங்கள், ஒரு சின்னச் சொட்டு. ரிங் மூடிக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பல ஸ்கோப் நிறுவனங்களும் அப்படித்தான் சொல்கின்றன.

நாம் கொடுக்கிற முறுக்கில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது. மீதி ஒரு பங்குதான் உண்மையில் பிடிக்கிறது. மரையில் எண்ணெயோ ஈரமான லாக்டைட்டோ பட்டால் உராய்வு குறையும். ரெஞ்ச் அதே 18-இல் க்ளிக் ஆனாலும் பிடி கணிசமாகக் கூடிவிடும். கையேட்டு எண்கள் பெரும்பாலும் காய்ந்த மரைக்கு. மெல்லிய குழாயைப் பிடிக்கிற இடத்தில் அந்தக் கூடுதல் பிடி ஆபத்து. பேஸில் எஃகோடு எஃகு, அங்கே தாங்கும்.

சிவப்பு லாக்டைட் இந்த வேலையில் எங்குமே வேண்டாம். அதைக் கழற்றச் சூடு வைக்க வேண்டியிருக்கும்.

துவாஸ் பிட்டர் | செவ்வாய், இரவு 8.59

குழாய்ப் பக்கம் சொன்னது நியாயம். எங்க வேலையில நசுங்குற சாமான் கிடையாது. மூடிக்குக் காய்ஞ்ச மரைதான்னு வச்சுக்கலாம்.

பெர்த் வாசி | புதன், காலை 6.30

தெம்பனிஸ்காரன், இப்போது பெர்த்தில். மாட்டும் வரிசையில் விட்டுப்போனதைச் சேர்க்கிறேன்.

ரிங்கை ரெயில் பள்ளத்தில் வைத்ததும் முன்பக்கம், அதாவது குழல் வாய்ப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். சுடும்போது துப்பாக்கி பின்னால் போகும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். ஆக ரெயிலோடு ஒப்பிட்டால் அது முன்னால் போகிறது. முன்பே முன்சுவரில் உட்கார்ந்துவிட்டால் நகர இடமில்லை. 1995-இல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய பிக்கட்டினி பள்ளம் 5.23 மி.மீ. அகலம், வீவர் என்ற பழைய வகை ரெயிலின் பள்ளம் 4.57. வீவர் ரிங்கைப் பிக்கட்டினி ரெயிலில் மாட்டினால் அரை மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருக்கும். அங்கே இந்தத் தள்ளல் இன்னும் அவசியம்.

ஸ்ப்ரிங் ஏர் ரைபிள்காரர்களுக்குத் தனிக் கதை. உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் போய் நின்றதும் துப்பாக்கி முன்னால் உதைக்கும். இரண்டு பக்க உதை. பெரிய ரைபிளின் உதையைத் தாங்குகிற ஸ்கோப்கூட இதில் உடையலாம். என்னுடையதில் ரிங் பின்னால் ஊர்ந்து வந்தது. எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. ரிங்குக்குப் பின்னால் ஒரு தடுப்பு ஊசி வைத்தபின்தான் நின்றது. இறுக்கி நிறுத்தவே முடியாத அசைவுகளும் உண்டு.

குறிப்பலகை | புதன், காலை 9.10

மூடி இறுக்கும்போது கவனிக்க வேண்டியது இடைவெளி. மூடிக்கும் அடிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இருந்தால் நல்லது. நாலு ஸ்க்ரூவையும் விரலால் தொட்டு நிறுத்திவிட்டு, மூலைக்கு மூலை கால் கால் சுற்றாக வாருங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால், மூடி குழாயைப் பற்றிக்கொண்டு சுழற்றிவிடும். ரெட்டிக்கிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு) சாயும். ஒரு பக்கத்தை முழுக்க மூடச் சொல்லும் ரிங்குகளும் உண்டு, அதனால்தான் கையேட்டை முதலில் பார்க்கச் சொல்கிறோம்.

சாய்வு 3 பாகை என்றால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் தோட்டா இறக்கத்துக்காக ஒரு மீட்டர் ஏற்றினால் 5 செ.மீ. பக்கவாட்டில் போகும். 50 மீட்டரில் ஜீரோ பண்ணிவிட்டு டரட்டைத் தொடாதவருக்கு இது பெரிதில்லை. தூரம் மாற்றிச் சுடுகிறவருக்குப் பெரிது.

ரெட்டிக்கிள் நேராக இருக்கிறதா என்று பார்க்க ரசமட்டத்தைவிடத் தூக்குக்குண்டு நல்லது. பிடோக் ஜெட்டியில் மீன் பிடிக்கிறவர்களிடம் இருக்கிற ஈயக்குண்டும் நைலான் நூலும் போதும். குறிப்பலகைப் பக்கம் காற்றுப்படாத இடத்தில் தொங்கவிடுங்கள். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நேராக்கிவிட்டு, நிற்கிற கோட்டை நூலோடு ஒட்டிப் பாருங்கள்.

பாசிர்ரிஸ்காரன் | சனி, மாலை 6.25

எல்லாருக்கும் நன்றி. இன்று ஆயுதப் பொறுப்பாளர் உட்கார்ந்து பார்க்க, முழுசாகக் கழற்றினோம். கண்டதைச் சொல்கிறேன்.

மூடி ஸ்க்ரூக்கள் பயங்கர இறுக்கம், ஒன்றைக் கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். குழாயில் ரிங் விளிம்பு பதிந்த இரண்டு கோடு இருக்கிறது, நகத்தால் தடவினால் லேசாகத் தட்டுகிறது. பேரலாக்ஸ் குமிழ் தளர்த்தியதும் இலகுவானது, சிலேத்தார் டெக் சொன்ன மாதிரியே.

அடுத்தது பேஸ். நாலு ஸ்க்ரூவுமே இறுக்கமாகத்தான் இருந்தன. கழகத்து ரெஞ்சை 20-இல் வைத்துப் பார்த்தால் நாலும் க்ளிக். ஆனால் பேஸின் முன்முனையைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்தினால் ஓரத்தில் எண்ணெய்க் கோடு ஒன்று வெளியே வந்து உள்ளே போகிறது. ஸ்க்ரூ இறுக்கம், பேஸ் ஆடுகிறது. இது எப்படி?

சிலேத்தார் டெக் | சனி, மாலை 6.38

அந்த எண்ணெய்க் கோட்டைக் கவனித்தீர்களே, அதுதான் விடை. முன்பக்க ஸ்க்ரூ நீளம் அதிகம். துளையின் அடியில் போய் முட்டி நிற்கிறது. ரெஞ்சுக்கு முட்டுவதும் தெரியாது, பிடிப்பதும் தெரியாது. எதிர்ப்பு வந்தால் க்ளிக் என்னும். தலை பேஸை அழுத்தவே இல்லை.

பேஸோடு வருகிற ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் இரண்டு நீளத்தில் இருக்கும். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டிருப்பார்கள். சோதிக்கும் வழி: பேஸை எடுத்துவிட்டு ஸ்க்ரூவை மட்டும் வெறும் துளையில் விரலால் கடைசிவரை திருகுங்கள். தலைக்கு அடியில் வெளியே நிற்கிற நீளத்தை அளங்கள். தலை உட்காரும் இடத்தில் பேஸின் தடிமன் எவ்வளவோ, அதைவிட அது குறைவாக இருக்க வேண்டும். சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் ஸ்க்ரூ முட்டுகிறது.

பின்பக்கமும் பாருங்கள். அங்கே துளை ரிசீவருக்குள் திறந்தால் நீள ஸ்க்ரூ போல்ட்டை உரசும்.

பாசிர்ரிஸ்காரன் | சனி, இரவு 8.10

அளந்தோம். முன்பக்கம் இரண்டும் முட்டத்தான் செய்கின்றன. பேஸ் தடிமனைவிட அரை மி.மீ. வெளியே நிற்கின்றன. பின்பக்கத்தில் குட்டையானவை இல்லை, நாலும் ஒரே நீளம். சரியான நீளத்துக்குப் பொறுப்பாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தேய்த்துக் குறைக்கலாமா என்று ஒருவர் கேட்டார்.

துவாஸ் பிட்டர் | சனி, இரவு 8.31

தேய்க்கலாம், ஆனா முனையில பிசிறு நின்னா ரிசீவர் மரையைத் தின்னுடும். ஸ்க்ரூ விலை சில வெள்ளி, ரிசீவர் மரை போனா அது பெரிய வேலை. காத்திருங்க தம்பி. வந்ததும் மரை, துளை, ரிங் உள்பக்கம், குழாய் எல்லாத்தையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சுக் காயவிட்டு மாட்டுங்க. பேஸுக்கு அடியில எண்ணெய் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது.

குறிப்பலகை | சனி, இரவு 8.50

குழாயில் கோடு விழுந்திருக்கிறதே என்று ஸ்கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். சரியாக மாட்டியபின் ஒரு சோதனை: ஒரு குரூப் சுடுங்கள். 20 க்ளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று நாலு மூலையிலும் சுடுங்கள். கால் மினிட் க்ளிக் (மினிட் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் 50 மீட்டரில் ஒன்று 3.6 மி.மீ., 20 க்ளிக் சுமார் 7 செ.மீ. சதுரம் ஒழுங்காக வந்து கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேல் விழுந்தால் உள்குழாய் நன்றாக இருக்கிறது.

ஏர்கான் கிடங்கிலிருந்து வெளியே எடுத்ததும் கண்ணாடி மங்கினால் பயப்பட வேண்டாம், துடைத்தால் போவது வெளிப்பனி. உள்ளே மங்கினால் மட்டும் அடைப்பு போயிருக்கிறது.

தேக்கா தம்பி | ஞாயிறு, காலை 10.15

மாட்டுன பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை மறுபடி இறுக்கணும்? ரெஞ்சை எப்படி வைக்கணும்?

சிலேத்தார் டெக் | ஞாயிறு, காலை 10.40

மறுபடி இறுக்கக் கூடாது, பார்க்க வேண்டும். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலிருந்தும் பக்கத்து உலோகம் வரை பெயிண்ட் பேனாவால் மெல்லிய கோடு போடுங்கள். விமானத்திலும் இதைத்தான் செய்கிறோம். கோடு உடையாமல் நேராக இருந்தால் தொடாதீர்கள். போகிறபோதெல்லாம் "கொஞ்சம் பார்ப்போம்" என்று திருகுகிறவர்கள் தெரியாமலே 18-ஐ 25 ஆக்கிவிடுகிறார்கள். கோடு உடைந்திருந்தால் அந்த ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தி, துடைத்து, முதலிலிருந்து இறுக்குங்கள்.

க்ளிக் ரெஞ்சை வேலை முடிந்ததும் அதன் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வையுங்கள். அதற்கும் கீழே இறக்காதீர்கள். கேமராவுக்கு ட்ரை கேபினெட் வைத்திருந்தால் அதிலேயே வைக்கலாம், துரு பிடிக்காது.